கை தூக்கிய ஊர்

எங்கள் மில்லுக்கு நூல் நூற்கும் புதிய ரிங் ஃபிரேம்கள் வரப்போகின்றன, அவற்றைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டு வா என்று என்னை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் கடைசி. அதற்கு முன் கோயம்புத்தூரை விட்டு நான் போயிருந்த அதிகபட்ச தூரம் அகமதாபாத். வில் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை. அதன் விடுதியிலேயே ஜாகை. நான் சைவம் என்று சொன்னதும் சமையற்காரர் இரக்கப்பட்டு உருளைக்கிழங்கை மட்டும் இரட்டிப்பாக வைக்க ஆரம்பித்தார். இரண்டு வாரம் இப்படி ஓடியது.

மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, கழல மறுத்த ஒரு நட்டை நான் தமிழில் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் யோகராசா அறிமுகமானார். குனிந்து பார்த்து, "அண்ணை, உது இடப்பக்க மரை. மற்றப் பக்கம் திருப்புங்கோ" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அகதியாக வந்து பதினைந்து வருடமாகிறது. ஆரம்பத்தில் ஹோட்டலில் பாத்திரம் கழுவியவர், இப்போது அசெம்பிளிப் பிரிவில் நல்ல வேலைக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

மூன்றாவது வாரம் எங்களுக்குப் பயிற்சி தரும் இன்ஜினியர் காய்ச்சலில் படுத்துவிட்டார். திங்கட்கிழமை வரை வகுப்பில்லை என்றார்கள்.

"விடுதியில இருந்து என்ன செய்யப் போறீங்கள்? எங்கட ஊருக்கு வாங்கோ" என்றார் யோகராசா.

எங்கட ஊர் என்றதும் நான் யாழ்ப்பாணத்தைத்தான் நினைத்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கிழக்கே மேட்டு நிலத்தைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் ஒண்டும் இருக்கு. எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை குடுக்கிறதோ இல்லையோ எண்டு ஊர்ச்சனம் கை தூக்கி முடிவு செய்யும். எங்கட பக்கத்தில ஒரு ஆள் இருந்தா மனுசிக்கும் தெம்பா இருக்கும்" என்றார்.

ஒரு நாட்டின் குடியுரிமையை ஒரு கிராமம் கை தூக்கித் தருமா என்று எனக்குப் புரியவில்லை. போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

வியாழக்கிழமை அவருக்கு ஷிப்டு இருந்ததால் நான் முன்னால் தனியாகப் போனேன். மஞ்சள் நிறத் தபால் பஸ். டிரைவருக்குப் பின்னால் நானும், பூனையைக் கூடையில் வைத்திருந்த ஓர் அம்மாளும் மட்டும். மார்ச் கடைசி; வயல்கள் ஈரப் பச்சையாக இருந்தன, மாட்டுக் கொட்டகைகளின் வடக்குச் சுவரோரம் மட்டும் அழுக்குப் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. இலையில்லாத ஆப்பிள் மரங்கள் மேட்டில் ஏறிப் போயின. தொலைவில் வெள்ளை மலை ஒன்று மேகத்துக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு கூடவே வந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்ததில், இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. நம் ஊரில் கண்டக்டர் பெயரைச் சொல்லிக் கூவுவார், யாராவது முதுகில் தட்டி இறக்கிவிடுவார்கள். இங்கே ஒரு பொத்தானை அழுத்த வேண்டுமாம். அழுத்தாவிட்டால் உனக்கு இறங்க விருப்பமில்லை என்று அர்த்தம். பஸ் கடைசி நிறுத்தத்தில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் கைக்கடிகாரத்தைக் காட்டி இரண்டு விரலை நீட்டினார். அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. பிறகு தன் பையைத் திறந்து ரொட்டியையும் சாசேஜையும் எடுத்து வைத்துக்கொண்டு மிகுந்த அமைதியுடன் சாப்பிடத் தொடங்கினார்.

வந்த வழியே நடந்தேன். ரோடு பெரிய வளைவாகச் சுற்றிப் போவதைப் பார்த்துவிட்டு, குறுக்கே ஒரு புல்வெளியில் இறங்கினேன். பாதி தூரம் போயிருப்பேன். சாணக் கரைசல் டேங்கர் பூட்டிய டிராக்டர் ஒன்று மேட்டில் நின்றது. அதிலிருந்து இறங்கிய பருமனான மனிதர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் வீசிக் கத்தினார். மொழி தெரியாவிட்டாலும் திட்டு புரியும். ஓடாத குறையாக ரோட்டுக்குத் திரும்பினேன்.

அந்த நிலையில்தான் பழைய பச்சைக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், நரைத்த தாடி. "இந்தியாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "எந்த ஊர்?" சொன்னேன். அவர் காரின் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

"பீளமேடு?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் மில்கள் நிறைந்த பகுதி அது. அவர் பெயர் ஊர்ஸ். மெஷின் பூட்டும் வேலையில் உலகம் சுற்றியவர். எழுபதுகளில் மூன்று மாதம் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் தங்கியிருந்தாராம். அப்போது கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் "போதும்". சாப்பிட உட்கார்ந்தால் இலையில் வைத்துக்கொண்டே இருந்தார்கள், வேறு சொல் கற்க அவசியமே ஏற்படவில்லை என்றார். யோகராசாவின் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்தான். வாசல்வரை கொண்டுவிட்டது மட்டுமல்ல, உள்ளே போய்த் தன் வீட்டு ஆப்பிள் சாறு ஒரு புட்டி கொண்டுவந்து கொடுத்தார். முதல் நாளே இப்படி ஒரு மனிதர் அமைந்ததில் எனக்கு ஊரின் மேல் பெரிய பிரியம் வந்துவிட்டது.

யோகராசாவின் மனைவி மலர் ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். ஆறு வயதில் ஒரு மகள், அபி, இங்கேயே பிறந்தவள். மலர் அன்று பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் குழாய்ப் புட்டுக்கு வாழைப்பழம் பிசைவார்கள். சொதி ஊற்றிச் சாப்பிடுவது எனக்குப் புதிது. உருளைக்கிழங்கே இல்லாத ஒரு சாப்பாட்டைப் பதினேழு நாளுக்குப் பிறகு பார்த்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

டிராக்டர்காரர் கதையைச் சொன்னேன். யோகராசா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணை, அவரின்ர புல்லில நடந்தனீங்களோ? இவையளுக்குப் புல்லு எங்களுக்கு நெல்லு மாதிரி. வளருற காலத்தில கால் வைக்கக் கூடாது. அந்த மனுசன் ஊரோடயே சண்டை. நாளைக்குக் கூட்டத்தில எங்களுக்கு முதல் எதிர்க் கை அவரின்ரயாத்தான் இருக்கும்."

"என்னாலதானா?" என்றேன்.

"சீச்சீ. அவர் எல்லாத்துக்கும் எதிர்" என்றார். ஆனால் முகம் சரியாக இல்லை. போன வருடம் ஒரு துருக்கிக் குடும்பம் விண்ணப்பித்ததாம். பத்து வருடத்துக்கு மேல் அந்த ஊரில் இருந்தவர்கள். கை தூக்கிப் பார்த்ததில் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு வில்லுக்கே போய்விட்டார்கள்.

"எங்களுக்கும் இல்லை எண்டு சொன்னா என்ன செய்யிறது எண்டு நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் கதைக்கேல்லை" என்றார் மலர்.

யோகராசாவின் அப்பா திருச்சியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். மகனிடமிருந்த அகதிப் பயணப் பத்திரத்துக்கு இரண்டு முறை இந்திய விசா கிடைக்கவில்லை. மகன் அவரைப் பார்த்துப் பதினைந்து வருடம். என் வீட்டிலிருந்து திருச்சி, காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அதை நான் அங்கே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தனியாக ஊரைச் சுற்றினேன், ரோட்டைவிட்டு இறங்காமல். ஒரு தேவாலயம், ஒரு பால் பண்ணை, ஒரு மளிகைக் கடை, ஒரு சாப்பாட்டு விடுதி, பள்ளிக்கூடம். விறகை அடுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் எடுத்து எரிக்க மனம் வராது. எதிரில் வந்த ஒவ்வொருவரும் "குருயெட்சி" என்று வணக்கம் சொன்னார்கள். நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற பால் பண்ணையில் ஒரு பெண் கூப்பிட்டு உள்ளே நிறுத்தி, தயிருக்கும் சீஸுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள். வெதுவெதுப்பாக, பாலாடை மணத்துடன் இருந்தது. இவ்வளவு அமைதியாக இருக்கிற ஊரில் மனிதர்கள் மனசுக்குள்ளும் அமைதியாகத்தான் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் சின்ன வாக்குவாதம். மலர் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதன் மேல் கனத்த சாம்பல் நிறக் கோட்டு.

"இண்டைக்குப் பாவாடை சட்டை போட்டா என்ன?" என்றார் யோகராசா.

"எட்டு வருசமா நல்ல நாளுக்கு நான் சேலையோடதான் இந்த றோட்டால நடக்கிறன். இண்டைக்கு மட்டும் வேற ஆளாப் போனா அதுதான் பொய்."

அவர் குனிந்து அபியின் ஷூ லேஸைக் கட்டினார்.

கூட்டம் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில். ஏறிப் பழகும் கயிறுகளை உத்தரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் நடுவில் நாற்காலிகளில். வாக்கில்லாதவர்களுக்குப் பக்கச் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதில் எனக்கு அருகே உட்கார்ந்த அம்மாள் ஜெர்மனியிலிருந்து வந்த நர்ஸ், மலரோடு வேலை செய்பவர். இருபது வருடமாக அந்த ஊரில் இருக்கிறார், ஆனால் ஜெர்மன் பிரஜை, அதனால் பெஞ்சு. அவர்தான் எனக்கு ஆங்கிலத்தில் காதோடு மொழிபெயர்த்தார்.

தலைவர் ஒரு தச்சர். மாலை போடவில்லை, யாரும் எழுந்து நிற்கவில்லை. முதலில் சாக்கடைக் குழாய் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். குழாய் எத்தனை அங்குலம், ஏன் அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கம் ஏன் போகவில்லை. ஒரு கிழவி எழுந்து தலைவரின் வரைபடமே தப்பு என்றார். தலைவர் பார்த்துவிட்டு, ஆமாம் தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டு பென்சிலால் திருத்தினார். எங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் நான் இதைக் கண்டதில்லை. கூட்டத்தையே சரியாகக் கண்டதில்லை.

பிறகு அந்த விஷயம் வந்தது. யோகராசாவும் மலரும் முன்னால் போய் நின்று, ஆளுக்கு நாலு வாக்கியம் அந்த ஊர் ஜெர்மனில் பேசினார்கள். பிறகு அபியையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். மலர் போகும்போது என் பக்கம் பார்த்தார். அவர் கண்களைப் பார்க்க முடியாமல் நான் கயிறுகளைப் பார்த்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "நல்ல மனிதர்கள், குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அவசரம் என்ன? இன்னும் ஐந்து வருடம் பார்க்கலாமே" என்றார். சில தலைகள் ஆடின.

அப்போது பருமனான ஓர் உருவம் எழுந்தது. என் டிராக்டர்காரர். போச்சு என்று நினைத்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டே வாக்கியம் பேசினார். கூடமே சிரித்தது. நர்ஸும் சிரித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்: "எட்டு வருடமாக இந்தக் குடும்பத்தின் கால் ஒரு முறைகூட என் புல்லில் பட்டதில்லை. உங்கள் பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது."

நேற்று என் கால் பட்டதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பெரிய மனசுதான்.

தலைவர் வாக்குக்கு விட்டார். சம்மதம் என்பவர்கள். கைகள் எழுந்தன. முதலில் டிராக்டர்காரருடையது, பால் பண்ணைப் பெண்ணுடையது, குழாய்க் கிழவியுடையது. வரிசையாக எண்ணிக்கொண்டே இரண்டு பேர் போனார்கள். பாதிக்கு மேல் இருக்கும் என்று எனக்குப் பட்டது, நிச்சயமில்லை. பிறகு எதிர்ப்பவர்கள்.

பெஞ்சு பக்கவாட்டில் இருந்ததால் எனக்கு முகங்கள் தெரிந்தன. மூன்றாவது வரிசையில் ஊர்ஸ் உட்கார்ந்திருந்தார். கையை முழுக்கத் தூக்கவில்லை. முழங்கையை மடியில் ஊன்றி, உள்ளங்கையை மார்பளவுக்கு உயர்த்தினார். எண்ணுபவர் அவர் வரிசைக்கு வந்து நின்று, அந்தக் கையையும் சேர்த்துக்கொண்டு நகர்ந்தார். ஊர்ஸ் தற்செயலாக இந்தப் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மாநிலம் போடவேண்டிய கையெழுத்து மட்டும்தான் இனி பாக்கி என்றார் நர்ஸ். கதவைத் திறந்து மூவரையும் உள்ளே கூப்பிட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள், எதிர்த்தவர்களும். மலர் அழவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கை கொடுத்தார். யோகராசாதான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். வெளியே தாழ்வாரத்தில் வெள்ளை ஒயினும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். ஊர்ஸ் வந்து யோகராசாவின் கையைப் பிடித்துக் குலுக்கி "வாழ்த்துகள்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோகராசா கேட்டார். "அண்ணை, நீங்கள் உள்ள இருந்தனீங்கள்தானே. ஆர் ஆர் எதிராத் தூக்கினவை?"

நான் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவேன். அவர்கள் அங்கேயே இருக்கப்போகிறவர்கள். அவ்வளவுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

"எனக்கு எல்லா முகமும் ஒண்ணாத்தானுங்க தெரிஞ்சுது" என்றேன்.

மலர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அபியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சனிக்கிழமை முழுவதும் மலர் வடையும் ரோல்ஸும் சுட்டார். ரோல்ஸ் என்பது உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த பலகாரம். பழைய பகையை மறந்து நானும் நாலு சாப்பிட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தட்டில் வைத்து அனுப்பினார். ஊர்ஸ் வீட்டுத் தட்டை என் கையில் கொடுத்தார். "உங்களோட இங்கிலீசில கதைக்க அவருக்கு விருப்பம்" என்றார்.

ஊர்ஸ் கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. ஸ்டேஷன் வரை தானே கொண்டுபோய் விடுவதாக ஊர்ஸ் வந்து சொன்னார். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. ஊர் எல்லை தாண்டினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது.

"நீ பார்த்தாய்" என்றார்.

"பார்த்தேன்."

"அவர்களிடம் சொன்னாயா?"

"இல்லை."

ஒரு வளைவு கடந்தது. "அவர்கள் நல்ல அண்டை வீட்டுக்காரர்கள். என் மனைவி சாகக் கிடந்தபோது மலர்தான் குளிப்பாட்டினாள்" என்றார். அது எனக்குப் புதிய செய்தி. மலர் சொல்லவே இல்லை.

"அப்புறம் ஏன்?" குரல் சற்று உயர்ந்துவிட்டது எனக்கு.

"போன வருடம் துருக்கிக்காரருக்கு எதிராகத் தூக்கினேன். அந்த ஆளை எனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று தூக்கினேன். யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் வில்லில் கடை வாசலில் நின்று என்னைக் கேட்டார், நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று. எங்கள் ஊர் வழக்கம் அப்படி, யாராக இருந்தாலும் நான் எதிராகத்தான் கை தூக்குவேன் என்றேன். இப்போது மலருக்குச் சம்மதம் சொன்னால், அந்த ஆளிடம் நான் சொன்னது பொய்யாகிவிடும்."

"அப்படியானால், போன வருடம் தூக்கியதுதானே தப்பு?"

அவர் கையை நீட்டிக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். ஸ்டேஷனில் என் பெட்டியை அவரே இறக்கி வைத்தார். கை கொடுத்தார். மழையில் காருக்குத் திரும்பி நடந்தவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே ஏறாமல், கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றார். என் ரயில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை இன்ஜினியர் காய்ச்சல் தெளிந்து வந்துவிட்டார். பத்து மணிக் காப்பி இடைவேளையில் யோகராசா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நேற்றுப் பின்னேரம் ஊர்ஸ் வந்தவர்" என்றார். "சப்பாத்தும் கழட்டேல்லை. வாசல்லயே நிண்டு, நான் உங்களுக்கு எதிராக் கை தூக்கினனான் எண்டு சொன்னார். எனக்குக் கதவைச் சாத்தவேணும் போல இருந்தது. மனுசிதான் கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ எண்டிட்டா."

"மலர் என்ன சொன்னாங்க?"

"அந்தத் துருக்கிக் குடும்பம் இருக்கிற வீடு தெரியுமோ எண்டு கேட்டா. தெரியும் எண்டார். அப்ப அங்கயும் ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோ, தனியப் போக ஏலாட்டி நான் வாறன் எண்டா. அந்த மனுசன் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, எந்த நாள் எண்டு மட்டும் கேட்டார். வாற சனிக்கிழமை ரெண்டு பேரும் போகினம்."

நான் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் கண்டனீங்கள், என்ன?" என்றார் யோகராசா.

"கண்டேங்க."

"ஏன் சொல்லேல்லை?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். கொஞ்சம் யோசித்தார்.

"சொல்லாதது நல்லது அண்ணை" என்றார். "நீங்கள் சொல்லியிருந்தா, அந்த மனுசன் தானா வந்து சொல்ல ஏலாமப் போயிருக்கும்."